இடது தண்டு, பின்பக்கம், முதல் தோள்

என் வீட்டுக்காரர் பத்ரிக்குச் செங்கல்பட்டில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அதைச் சொல்ல மாட்டார். "பெருமாளுக்கு இடது தண்டு, பின்பக்கம், முதல் தோள்" என்பார். கேட்டவர் திருதிருவென்று முழிப்பார். பக்கத்திலிருந்து நான்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி எங்கள் ஊர். பெருமாள் வீதி புறப்படும்போது அவருடைய வாகனத்தை இரண்டு நீளத் தண்டுகளில் கட்டிப் பன்னிரண்டு பேர் தோளில் தாங்குவார்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். தண்டுக்கு ஆறு பேர், முன்னால் மூன்று, பின்னால் மூன்று. யார் எந்த இடத்தில் நிற்பது என்பது குடும்பம் குடும்பமாக வந்த பாத்தியதை. ஓர் அங்குலம் தள்ளி நிற்கச் சொன்னால் பங்காளிச் சண்டை வந்துவிடும். என் மாமனார் நின்ற இடத்தில் பத்தொன்பது வருஷமாக பத்ரி நிற்கிறார். எங்கள் பெருமாள் சாயாமல் போவார் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். கிரீடத்தில் சொருகிய மல்லிகை உதிராது என்று பெருமை பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

இந்த வருஷம் வைகுண்ட ஏகாதசியன்று தெற்கு வீதி திரும்பும்போது பத்ரியின் இடது கால் மரத்துப்போனது. ஒரு நொடிதான். பெருமாள் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தார். ஜனங்கள் யாரும் கவனிக்கவில்லை. பத்ரி வீட்டுக்கு வந்து, ஈர வேஷ்டியைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வசு, ஒரு நாள் நான் பெருமாளைக் கீழ போட்டுடப் போறேன்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. மாசி மகத்துக்கு எட்டு வாரம்தான் இருந்தது. அன்று பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரை போவார். நாலு கிலோமீட்டர் ரோடு, அப்புறம் மணல்.

முதுகு வலி அவருக்குப் புதிதில்லை. மூன்று வருஷமாக மாத்திரை, தைலம், இடுப்புப் பட்டை என்று ஓட்டிக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டர் ஒருவர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவையில்லை, தேய்மானம்தான், இனிமேல் வெயிட் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதற்கு பத்ரி, "பெருமாள் வெயிட் இல்லையே டாக்டர்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

நான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எங்கள் ஸ்டாஃப் ரூமில் சியாமளா என்று ஒருத்தி, ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவள். ஊரப்பாக்கத்தில் ஒரு பெண் கையாலேயே முதுகைச் சரிசெய்கிறாளாம், மருந்தும் கிடையாது கத்தியும் கிடையாதாம், கைரோபிராக்டிக் என்று பேராம். எனக்குச் சிரிப்பு வந்தது. போனில் அந்த மாதிரி வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆளைக் குப்புறப் போட்டுக் கழுத்தைத் திருப்புவார்கள், மைக் வைத்தாற்போல டக் என்று சத்தம் வரும், எழுந்து கும்பிடுவான். நாடகம் என்று நினைத்திருந்தேன். இருந்தாலும், பயந்த மனுஷரை வீட்டில் வைத்துக்கொண்டு அறிவியல் பேச முடியவில்லை. சனிக்கிழமை கிளம்பினோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. காத்திருந்தவர்களில் கல் லாரி ஓட்டுகிற ஒருவர் பத்ரியைப் பிடித்துக்கொண்டார். "டக்குனு ஒரு சவுண்டு வுட்டுச்சி பாரு அண்ணாத்த, பத்து வருஷ பேஜாரு, இன்னிக்கி ஜம்முனு வண்டி ஓட்டிகினு கீறேன்" என்று தன் இடுப்பைத் திருகிக் காட்டினார். பத்ரியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்று தெரிந்துபோயிற்று.

உள்ளே போனால் வெள்ளைக் கோட்டில் நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா டீச்சர், என்னைத் தெரியலையா? சிநேகா. பெஞ்சமின் பொண்ணு. ஒன்பதாவது பி செக்‌ஷன்."

தெரிந்தது. எங்கள் ஊர்க் காலனிப் பெண். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சொன்னதை எழுதாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நான் திட்டியது உண்டு. பிசியோதெரபி படித்துவிட்டு, இந்தப் படிப்புக்காக மலேசியாவுக்குப் போய் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தாள். நான் முகத்தை டீச்சராக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்று வருஷக் கதையையும் பத்ரி சொல்லச் சொல்லக் கேட்டாள். பிறகு கேள்விகள். இருமினால் காலில் இழுக்கிறதா, ஜுரம் உண்டா, உடம்பு இளைத்திருக்கிறதா, மூத்திரம் தன் கட்டுப்பாட்டில் போகிறதா. கடைசிக் கேள்விக்கு பத்ரி என்னைப் பார்த்தார். பதில் சொல்லுங்கள் என்றேன். ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினாள், உள்ளங்காலில் கீறினாள், கட்டைவிரலை மடக்கி எதிர்த்துத் தள்ளச் சொன்னாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். இதில் ஒன்று தப்பாக இருந்திருந்தால் தான் தொடவே மாட்டேன், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்றாள். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப் படிப்பாம். எனக்கு அவளிடம் முதல் மரியாதை வந்தது அப்போதுதான்.

பத்ரியைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். மேஜை அவருக்குப் போதவில்லை, கணுக்கால் வெளியே தொங்கியது. சிநேகா கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தடியிலிருந்து ஒவ்வொரு கணுவாக இறங்கினாள். ஒன்றை மெல்ல அழுத்துவாள், அது பதில் சொல்லக் காத்திருப்பதுபோல் ஒரு நொடி நிற்பாள், அடுத்ததற்குப் போவாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கீழே ஜி.எஸ்.டி. ரோடு இரைந்துகொண்டிருந்தது, எனக்குக் கேட்கவில்லை. நடுமுதுகில் ஓர் இடத்தில் விரல் நின்றது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே மறுபடி நின்றது. அங்கிருந்து வலது இடுப்புக்குப் போய், அப்புறம் இடது முட்டிக்கு இறங்கியது.

"சார், நீங்க இடது தோள்ல தூக்கறீங்க. அது தோள் காய்ப்பப் பாத்தா யாருக்கும் தெரியும். ஆனா தூக்கும்போது இடது முட்டிய மடிச்சிகினு, இடுப்ப வலப்பக்கம் தள்ளிக்கினு நிக்கிறீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா" என்றாள். "ஏன் சார்?"

பத்ரி திகைத்துப்போனார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே, எல்லோரையும் போலத்தான் நிற்கிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. அவருடைய முதுகு அவருக்குச் சொல்லாததை இந்தப் பெண்ணின் விரலிடம் சொல்லியிருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கூட வாழ்கிறவள் நான், ஒரு நாளும் கண்டதில்லை.

அப்புறம் அவள் விளக்கினாள். முதுகெலும்பில் அசைகிற கணுக்கள் இருபத்துநாலு. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவிலிருந்து நரம்பு வெளியே வருகிறது. ஏதாவது ஒரு கணு அசையாமல் இறுகிவிட்டால் அதன் வேலையைப் பக்கத்துக் கணு சேர்த்துச் செய்யும். வேலை செய்து செய்து அது வீங்கும், வலிக்கும், நரம்பைச் சீண்டும். வலிக்கிற இடம் ஒன்று, வேலை செய்யாத இடம் வேறொன்று. தன் வேலை அந்த இறுகின கணுவைக் கண்டுபிடித்து அசைய வைப்பது மட்டும்தான். எலும்பைப் பிடித்து இடத்தில் உட்கார வைப்பதெல்லாம் பேச்சு. அசைவு திரும்பிவிட்டால் மிச்சத்தை உடம்பு தானே பார்த்துக்கொள்ளும்.

பத்ரி படுத்தபடியே, "எங்களை மாதிரி" என்றார். "பன்னெண்டு பேர்ல ஒருத்தன் தாங்கலேன்னா பக்கத்தில இருக்கறவன் தோள்ல ஏறும்."

"அதே தான் சார்" என்றாள் சிநேகா.

நான் என் பங்குக்குக் கிடுக்கிப்பிடி போட்டேன். இதனால் எல்லா வியாதியும் போய்விடும் என்று எழுதுகிறார்களே என்றேன். தன் தொழிலிலேயே சிலர் சர்க்கரை வியாதி தீரும், செவிடு கேட்கும் என்றெல்லாம் சொல்கிறார்கள் என்றும், தான் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றும் சாதாரணமாகச் சொன்னாள். முதுகு, கழுத்து, அதிலிருந்து போகிற கை கால், அவ்வளவுதானாம். ஆறு தடவை பார்த்து மாற்றம் இல்லையென்றால் வேறு டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவேன் என்றாள்.

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, மூச்சை விடச் சொன்னாள். மூச்சு முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தள்ளல், அவ்வளவுதான். வீடியோவில் வருகிற சத்தம் வரவில்லை. நடுமுதுகில் மட்டும் விரலில் சொடக்கு எடுத்தாற்போல மெல்லிசாக ஒன்று கேட்டது. பத்ரிக்கு ஏமாற்றம். சத்தம் என்பது மூட்டுக்குள் இருக்கிற நீரில் காற்றுக் குமிழி விடுகிற ஓசை, வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றாள் சிநேகா. பிறகு எழுந்து நடக்கச் சொன்னாள். நாலடி வைத்ததும் பத்ரி நின்றார். இழுத்து ஒரு மூச்சு விட்டார். அது விலா வரைக்கும் இறங்கியது எனக்கே தெரிந்தது.

தினமும் செய்யச் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். தான் சொல்லும்வரை தண்டைத் தொடக்கூடாது என்றாள். அடுத்த ஐந்து வாரமும் பத்ரி பள்ளிப் பிள்ளை மாதிரி கூடத்தில் பாய் விரித்துப் பயிற்சி செய்தார். கால் மரத்துப்போவது இரண்டாவது வாரமே குறைந்தது. நாலாவது வாரம் குனிந்து செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொண்டார். நடக்கும்போது ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டபோதுதான் புரிந்தது, மனுஷர் உயர்ந்திருந்தார். உயரம் புதிதாக வரவில்லை, இத்தனை நாள் மடித்து வைத்திருந்ததைப் பிரித்திருந்தார். நான் சமையலறையில் நின்று அவரைப் பார்த்துப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம் சிநேகா முழுசாகச் சோதித்துவிட்டு, தூக்கலாம் என்றாள்.

மகத்துக்குப் பத்து நாள் முன்பு வெள்ளோட்டம் வைப்பார்கள். வாகனத்தில் பெருமாளுக்குப் பதிலாக அரிசி மூட்டை வைத்து, நாலு வீதியும் ஒருமுறை நடப்பார்கள். நான் போனில் வீடியோ எடுத்தேன். பத்ரி தோள் கொடுத்தார். தண்டு எழும்பியது. எழும்பிய மாத்திரத்தில் வாகனம் வலப்பக்கம் சாய்ந்தது. வலது தண்டில் முன்னால் நின்று எல்லோருக்கும் அடி எடுத்துக்கொடுக்கிற திருவேங்கடம் மாமா, "லெவல், லெவல்" என்று கத்தினார். இரண்டு வீதி சாய்ந்தபடியே போய், மூன்றாவது வீதியில் மூட்டை சரிந்து விழுந்தது.

அரிசி தெருவெல்லாம் சிதறியது. எல்லோரும் பத்ரியைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷமாக ஆடாத பெருமாள், இந்த ஆள் முதுகில் யாரையோ கைவைக்க விட்டு வந்ததும் ஆடுகிறார் என்றார்கள். திருவேங்கடம் மாமா கெட்டவரில்லை, ஆனால் வாய் நீளம். அந்தப் பெண் எலும்பை இடம் மாற்றிவிட்டாள், அதுவும் யார் பெண், என்ன தெரியும் அவளுக்கு என்றெல்லாம் பேசினார். கடைசியில் தீர்ப்பும் சொன்னார்.

"இந்த வருஷம் நீ நிக்காதே பத்ரி. பெருமாள் விஷயத்தில வெளையாட முடியாது."

பத்ரி குனிந்து, சிதறின அரிசியை மூட்டையில் அள்ளிப் போட்டார். மறுநாள் காலையில் கொல்லையில் துணி உலர்த்துகிற மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்றேன். பழையபடி நடந்து பார்க்கிறேன், முன்னால் எப்படி நடந்தேன் என்பது உடம்புக்கு மறந்துவிட்டது என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. எனக்கு எல்லோர் மேலும் கோபம். ஊர் மேல், திருவேங்கடம் மாமா மேல், சிநேகா மேல், சியாமளா மேல்கூட.

அந்தக் கோபத்தோடுதான் ஊரப்பாக்கம் போனேன். உன் வைத்தியத்தால் வந்த வினையைப் பார் என்று போனை அவள் முன்னால் வைத்தேன். சிநேகா வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டாள். திரும்ப ஓடவிட்டாள். மூன்றாவது தடவை, திரையின் மேல்பாதியை ஒரு நோட்டுப் புத்தகத்தால் மறைத்துவிட்டு என்னிடம் தள்ளினாள்.

"சாமிய வுட்டுடுங்க டீச்சர். காலை மட்டும் பாருங்க."

இருபத்துநாலு கால்கள். பத்ரியின் கால் நேராக இருந்தது. அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் கால் விரலில் எக்கிக்கொண்டிருந்தார்கள். அவரை அடுத்து நிற்கிற அம்பி ஐந்தடி நாலங்குலம். பத்ரி ஐந்தடி பதினொன்று. அம்பியின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

நெம்புகோல் பாடம் நடத்துகிற எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இடம் பாத்தியதைப்படி வந்தது, உயரம் அப்படி வராது. உயரமானவன் நிமிர்ந்தால் தண்டு அவன் பக்கம் ஏறும், மற்றவர்கள் தோளுக்குப் பாரமே வராது, பெருமாள் சாய்வார். அதனால் இருபத்தைந்து வயதில் முதல் தடவை தோள் கொடுத்த அன்றைக்கே பத்ரியின் உடம்பு, அவரைக் கேட்காமல், முட்டியை மடித்து இடுப்பைத் தள்ளித் தன்னை அம்பியின் அளவுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது. ஊர் பெருமைப்பட்ட அந்த நேர்நடை பன்னிரண்டு பேருடையது இல்லை. ஒரு முதுகு வளைந்து கொடுத்தது. உதிராத மல்லிகைக்கெல்லாம் அந்த இரண்டு கணுக்கள் இறுகிப் பதில் சொல்லியிருக்கின்றன.

நான் அழுதுவிட்டேன். என்னிடம் படித்த பெண் முன்னால் அழுவது அப்போது வெட்கமாகவே இல்லை.

"வைத்தியம் கெட்டுப்போகல டீச்சர். சார் நிமிர்ந்துட்டார், அதான் சாமி சாஞ்சிச்சி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க தெருவுக்குள்ள சாமி வராது இல்ல. முனையோட திரும்பிடும். சின்னப் பொண்ணா அங்க நின்னு பாப்பேன். முன்னாடி பெரியவங்க, எனக்குச் சாமி தெரியாது, அவங்க கால் சந்துல தூக்கறவங்க கால்தான் தெரியும். ஒருத்தர் மட்டும் மடிச்சி மடிச்சி வெப்பார். அது சார்தான்னு அன்னிக்கி மேஜை மேல தொட்டப்பத்தான் தெரிஞ்சிச்சி."

அந்த முனையில் நானும் எத்தனையோ தடவை தட்டோடு நின்றிருக்கிறேன். பின்னால் நிற்கிற குழந்தைகளுக்குத் தெரிகிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

இடத்தை மாற்றச் சொன்னால் ஊர் இரண்டாகிவிடும். தோளை மாற்றலாம் என்றாள் சிநேகா. தண்டுக்கும் தோளுக்கும் நடுவில் எல்லோரும் ஒரே மாதிரி மடித்த துண்டு வைக்கிறார்கள். அதற்குப் பதிலாகக் குட்டையானவர்களுக்குக் கெட்டியாகத் தைத்த உயரமான பட்டை. கணக்கு என்னுடையது, அவர்கள் முதுகைப் பார்த்து அளவு சொல்வது தன்னுடையது என்று பிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபோடு கோயில் முன்மண்டபத்துக்குப் போனேன். பன்னிரண்டு பேரையும் பத்ரி வரச்சொல்லியிருந்தார். வீடியோவை மேல்பாதி மறைத்துக் காட்டினேன். அம்பி தன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டியூபின் ஒரு முனையை பத்ரியின் தோளிலும் மறுமுனையை அம்பியின் தோளிலும் பிடித்தேன். தண்ணீர் ஏழு விரற்கடை வித்தியாசம் காட்டியது. தண்ணீரோடு யார் சண்டை போடுவது? திருவேங்கடம் மாமாகூடத் தலையாட்டினார். அடுத்து, ஒவ்வொருவர் முதுகையும் தோளையும் சிநேகா பார்த்து அளவு சொல்ல வேண்டும் என்றேன். அவள் மண்டபப் படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

திருவேங்கடம் மாமா தூணைப் பார்த்தார். அளவை டீச்சரே எடுக்கலாமே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சிநேகா, தான் கீழேயே இருப்பதாகவும் அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வரட்டும் என்றும் சொன்னாள். அவள் அதைச் சொன்ன சாதாரணம் எனக்குச் சுட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பத்ரி முன்னால் வந்தார். வாழ்க்கையில் திருவேங்கடம் மாமாவை எதிர்த்துப் பேசியிராத மனுஷர்.

"மாமா, என் முதுகைத் தொட்ட கை அது. அந்த முதுகுதான் பெருமாளைத் தாங்கறது. அப்பறம் அந்தக் கை மட்டும் ஏன் மாமா படிக்குக் கீழ நிக்கணும்?"

மாமா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, திரும்பி நின்று தன் முதுகைக் காட்டினார். "ஏறி வாம்மா" என்றார். சிநேகா படியேறினாள். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவர் கழுத்தடியில் வைத்தாள். கண்ணை மூடினாள். பன்னிரண்டு முதுகும் முடிய மத்தியானமாகிவிட்டது. யாரும் சாப்பிடப் போகவில்லை.

மாசி மகத்தன்று பட்டைகளோடு புறப்பட்டார்கள். நாலு கிலோமீட்டரும் பெருமாள் நேராகப் போனார். கடற்கரையில் ஜனக் கூட்டம். சிநேகாவும் நானும் ஈர மணலில் ஒன்றாக நின்றோம். சக்கரத்தாழ்வாரை அர்ச்சகர் கடலுக்குள் எடுத்துப் போக, அதைப் பார்க்கப் பெருமாள் அலை விளிம்பு வரை எழுந்தருளினார். பன்னிரண்டு பேர் காலும் நனைந்தது.

அப்போது ஓர் அலை, யாரும் எதிர்பாராத தூரம் ஏறி வந்தது. அது திரும்பும்போது அம்பியின் காலடி மணலை இழுத்துக்கொண்டு போனது. அம்பி முட்டி வரை இறங்கினார். தண்டு அவர் தோளைவிட்டு எழும்பியது. அந்தப் பக்கத்துப் பாரம் அத்தனையும் பத்ரிமேல் வந்து விழுந்தது. பெருமாள் ஆடினார். ஜனங்கள் "பெருமாளே" என்றார்கள். நான் சிநேகாவின் கையைப் பிடித்தேன், அவள் கையும் சில்லிட்டிருந்தது.

பத்ரி முட்டியை மடித்தார். அம்பி இறங்கிய அளவுக்கு அவரும் இறங்கினார், ஒரு பக்கமாகக் கோணாமல், நேராக. கிரீடம் மட்டத்தில் நின்றது. அம்பி காலைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தார். அங்கேயே நின்றுவிடுவாரோ, அந்தப் பழைய மடிப்பிலேயே உடம்பு மறுபடி பூட்டிக்கொண்டுவிடுமோ என்று நடுங்கினேன்.

அவர் எழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, கடலும் ஜனமும் பார்க்க, முட்டி நிமிர்ந்து, இடுப்பு நிமிர்ந்து, முதுகு நிமிர்ந்து, பெருமாளையும் கூடவே தூக்கிக்கொண்டு எழுந்தார். சிநேகா என் காதருகே, "வந்துட்டார் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் மொத்தமும் கையைத் தலைக்குமேல் குவித்திருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தண்டுக்கு மேலே என் புருஷன் முகம் முழுசாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் அன்றைக்குப் பெருமாளைச் சேவிக்க மறந்துபோனேன்.